அந்தக் காது நிஜம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றிய குறும்படத்துக்கு அரைப் பக்கம் விமர்சனம் போட்டிருந்தீர்கள். படத்தின் பெயரை நீங்களே பெரிய எழுத்தில் போட்டுவிட்டதால் நான் திரும்ப எழுதவில்லை. அந்தப் படத்தில் வருகிற வீடு எங்கள் வீடு. திண்ணை, கொல்லை, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை எல்லாமே எங்களுடையவை. எடுத்தவன் என் அண்ணன் மகன். இருபத்தாறு நிமிடப் படத்துக்காக ஒன்பது பேர் பதினாறு நாள் எங்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டார்கள். கடைசியில் நன்றி என்று போடும்போது என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

விமர்சனம் எழுதியவர் மனசாரப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் செத்த மாட்டின் காதை அறுத்து எடுத்துக்கொண்டு அலையும் காட்சியை ‘அருவருப்பான மிகை’ என்கிறார். காலமான தாத்தாவுக்கு அரசுக் கடிதம் வருவதை ‘மாய யதார்த்தம்’ என்கிறார். கடைசியில் அந்த அப்பா கொட்டகையில் தூக்கில் தொங்குவதை மட்டும் ‘உலுக்கும் நிஜம்’ என்கிறார். ஐயா, அப்படியே தலைகீழாக இருக்கிறது. காதும் கடிதமும் எங்கள் வீட்டில் நடந்தவை. தூக்குதான் பையன் கட்டிவிட்டது. அந்தத் தூக்கில் தொங்கியவர் இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து உங்கள் பத்திரிகையில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காது விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தார்கள் என்று முதல் பக்கத்தில் பூத்தூவுகிற படம் போடுவீர்களே, அந்தத் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போது பூவெல்லாம் எங்கேயோ தங்கிவிடும். முன்னால் வருவது பிளாஸ்டிக் பாட்டிலும் ஒற்றைச் செருப்பும்தான். 2024-ல் அணை திறந்ததே ஜூலை 28-ல். ஆகவே எங்களுக்குக் குறுவை என்பது பேப்பரில் படிக்கிற சங்கதி. சம்பா ஒன்றுதான் போகம். நிலம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர்.

2023 தை மாதம் அறுத்தோம். அறுவடை மெஷின் ஓட்டுகிற செயின் வண்டிக்காரன் மூன்று நாள் இழுத்தடித்து வந்தான். நூற்று முப்பது சிப்பம் தேறும் என்று கணக்குப் போட்டோம். சிப்பம் நாற்பது கிலோ. அந்த வருடம் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,160 ரூபாய். எங்க வீட்டுக்காரர் சிகரெட் அட்டையின் பின்னால் பெருக்கிப் பார்த்து அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி அம்பாரம் போட்டுவிட்டு முறைக்குக் காத்திருந்தோம். முறை வரவில்லை, பிப்ரவரி முதல் வாரத்தில் மழை வந்தது. பருவம் தப்பிய மழை. டெல்டா முழுக்க அந்த வாரம் நெல் நனைந்தது, நீங்களும் எழுதினீர்கள். படுதா வாடகைக்குக்கூடக் கிடைக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ஜமுக்காளத்தைக்கூடப் போட்டு மூடினோம்.

மழை விட்டு அளந்தபோது மெஷின் 21 காட்டியது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். எங்கே காயவைப்பது? தார்ச்சாலையில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டு கிலோமீட்டருக்கு இடம் பிடித்துவிட்டார்கள். நாற்பது சிப்பத்தை வீட்டுக்கே அள்ளிக்கொண்டு வந்தோம். கூடத்தில் கொட்டிப் பரப்பி மின்விசிறியை ஐந்தில் வைத்தோம். மூன்று நாள் நெல்மேல் படுத்துத் தூங்கினோம். படத்தில் மாமியார் தூக்கத்தில் புரண்டு படுத்து நெல்லைக் கிளறிவிடுவார், அதைப் பார்த்து மருமகள் ‘அத்தை, இப்ப அந்தப் பக்கம் திரும்புங்க’ என்பாள். உங்கள் விமர்சகர் அதை ரசித்திருக்கிறார். அது நான் என் மாமியாரிடம் சொன்னது. பையனுக்குச் சொன்னேன், வைத்துக்கொண்டான்.

கூடத்தில் கொள்ளாததைத் திண்ணையில் சாக்கில் கட்டி வைத்திருந்தோம். அன்று ராத்திரி எங்கள் லட்சுமி, இரண்டாம் ஈத்துக் கலப்பினப் பசு, தும்புக் கயிற்றின் முடிச்சு நழுவித் திண்ணைக்கு வந்துவிட்டாள். கொள்முதல் நிலையத்தில் எடுக்காத நெல்லை அவள் எடுத்துக்கொண்டாள். ஈரப்பதம் எல்லாம் பார்க்கவில்லை.

மாடு வளர்க்காதவர்களுக்கு இது புரியாது. நெல்லோ சோறோ மாட்டு வயிற்றில் அளவுக்கு மீறி இறங்கினால் அது புளித்து அமிலமாகிவிடும். அசை நின்றுவிடும், கண் சொருகும், தள்ளாடும். மாட்டுப் பொங்கல் மறுநாள் கால்நடை மருத்துவமனையில் வரிசையாக மாடு நிற்பது இதனால்தான்; பாசத்தில் சட்டிச் சட்டியாகப் பொங்கல் ஊட்டிவிடுவார்கள். விடிந்து நான் சாணி அள்ளப் போனபோது லட்சுமி படுத்திருந்தாள். சோடா உப்பைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினோம். டாக்டர் பத்து மணிக்கு வந்து ஊசி போட்டார். மூன்று மணிக்குப் போய்விட்டாள். கன்று பால் குடிக்கிற நேரம் அது.

அழுதுகொண்டிருந்த என்னிடம் டாக்டர்தான் மெதுவாகக் கேட்டார்: ‘அம்மா, இன்சூரன்ஸ் இருக்கா?’ இருந்தது. அப்படியென்றால் காதைப் புதைக்காதீர்கள் என்றார். மாட்டுக் காதில் மஞ்சளாக ஒரு பில்லை இருக்குமே, பன்னிரண்டு இலக்க எண்ணோடு, எங்கள் ஊரில் கம்மல் என்போம், அது இல்லாமல் காப்பீட்டுப் பணம் கிடையாது. கழற்றினால் உடைந்துவிடும், உடைந்ததைக் கொடுத்தால் சந்தேகப்படுவார்கள். ஆகவே காதோடு கொண்டுபோவதுதான் வழக்கம். எங்க வீட்டுக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். நான் போய் அறுத்தேன்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் கல்லுப்பைப் போட்டு அதில் வைத்தேன். பாட்டில் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியும். அதனால் பேப்பரைச் சுற்றினேன். உங்கள் பத்திரிகைதான். ஒரு சனிக்கிழமைப் பேப்பர், லாபம் தரும் கறவை மாடு வளர்ப்பு என்று ஏதோ போட்டிருந்தது. தஞ்சாவூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரத்தநாடு தாண்டியதும் கண்டக்டர், ‘என்னம்மா, ஊறுகாயா, மூடியை இறுக்குங்க, வாசனை வருது’ என்றார். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள். ஊறுகாய்தான் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வீட்டில் மூன்று மாதம் ஊறுகாய் போடவில்லை.

அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். பாட்டிலைப் பார்த்ததும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். எண்ணைச் சரிபார்த்தார். மறுபடி சரிபார்த்தார். பாலிசியில் இருப்பது இந்த எண் இல்லை என்றார். உண்மைதான். லட்சுமியின் பழைய கம்மல் கருவேல முள்வேலியில் மாட்டிப் பிய்ந்துபோய், கோமாரி ஊசி முகாமில் அடுத்த காதில் புதிதாகப் போட்டிருந்தார்கள். புது எண்ணைக் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அவர் கேட்டார்: ‘அந்தப் பழைய காது எங்கேம்மா?’

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இறந்த மாடு காப்பீடு செய்யப்பட்ட மாடு அல்ல. அதாவது, அவர்கள் கணக்கில் எங்கள் லட்சுமி சாகவில்லை. அடுத்த வருடம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி போனில் குறுஞ்செய்தியும் வந்தது. அந்த 17 சதவீத ஈரப்பத விதியைத் தளர்த்திய அறிவிப்பும் அந்த பிப்ரவரியிலேயே தில்லியிலிருந்து வந்தது. வந்தபோது லட்சுமி தென்னந்தோப்பில் புதைந்து நாளாகிவிட்டது.

படத்தில் காது டிபன் பாக்ஸில் போகிறது, அதிகாரியின் சாப்பாட்டோடு மாறிவிடுகிறது, அவர் திறந்து பார்த்து மயங்கி விழுகிறார். அது மிகை, ஒத்துக்கொள்கிறேன். எத்தனையோ சினிமாவில் பார்த்த பாத்திரம் மாறுகிற கதை. நான் அப்போதே சொன்னேன், ‘தம்பி, ஹார்லிக்ஸ் பாட்டிலே போதும்டா’ என்று. ‘அத்தை, ஆடியன்ஸ் நம்ப மாட்டாங்க’ என்றான். நம்புகிற மாதிரி மாற்றி எடுத்தான். அதைத்தான் உங்கள் விமர்சகர் நம்பவில்லை.

அடுத்தது மாய யதார்த்தம். அகராதியைப் புரட்டவில்லை, என் மகளிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் அதற்குக் கூட்டுப் பட்டா என்று பெயர். எங்கள் ஒன்பது மாவுக்கு உரிய பட்டாவில் ஏழு பெயர். நாலு பேர் காலமாகிவிட்டார்கள், இரண்டு பேர் சிங்கப்பூரில், மிச்சம் எங்க வீட்டுக்காரர். தனிப்பட்டா வாங்க வேண்டுமென்றால் போனவர்களுக்கு வாரிசுச் சான்று, இருப்பவர்களிடம் சம்மதக் கையெழுத்து. சிங்கப்பூர்க்காரர்களில் ஒருவர் இன்னொருவரோடு பேசுவதில்லை. ஆகவே நிலவரி ரசீது இன்றைக்கும் என் மாமனார் பெயரில்தான் வருகிறது. அவர் போனது 2009-ல். போய்ப் பதினாலு வருடம் கழித்து அவருக்குச் சொட்டுநீர்ப் பாசனப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது, ‘தவறாமல் நேரில் கலந்துகொள்ளவும்’ என்று. எங்க வீட்டுக்காரர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, திவசத்தன்று வடை, பாயசத்தோடு இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அய்யர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் கூட்டுப் பட்டா உண்டு.

இதில் சிரிப்பதா அழுவதா என்று உங்கள் விமர்சகர் கேட்டிருக்கிறார். சிரிக்கலாம். 2017-ல் விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவோடு போனவர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டை முன்னால் வைத்து, எலியை வாயில் கவ்விக்கொண்டு, 41 நாள் உட்கார்ந்திருந்தார்களே, அதை டிவியில் பார்த்துவிட்டு நாடகம் ஆடுகிறார்கள் என்றார்கள் பலர். ஆமாம், நாடகம்தான். அதற்கு முந்தின வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மேட்டூரிலும் தண்ணீர் இல்லாமல் சம்பா கருகிப் போயிருந்தது. வெறுமனே மனுக் கொடுத்தவர்களின் படம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. எலி வந்ததும் வந்தது. என் அண்ணன் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. அவனுக்கு இந்தப் படம் எடுக்கிற புத்தி அங்கேதான் முளைத்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே சிரிப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. முடிவைப் பற்றித்தான்.

படத்தை எங்கள் ஊரில் கல்யாண மண்டபத்துச் சுவரில் வேட்டி கட்டிப் போட்டுக் காட்டினார்கள். இருநூறு பேர் இருக்கும். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அந்தக் கருகின சம்பா வருடத்தில் அவர் வீட்டுக்காரர் போய்விட்டார். எப்படி என்று எழுத மாட்டேன், ஊருக்குத் தெரியும். பையன் எடுத்திருக்கிற முடிவு எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதால், அக்காவிடம் போய், ‘வர வேண்டாம்’ என்று சொல்லவும் வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசி நாலு நிமிடத்துக்கு முன்னால் கையைப் பிடிக்கிறேன், எழுந்து வாங்க என்று மட்டும் சொன்னேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காதுக் காட்சியில் மண்டபத்திலேயே அதிகமாகச் சிரித்தது அவர்தான், கண்ணில் தண்ணீர் வர. அவரும் ஒரு காதை எடுத்துக்கொண்டு போனவர், ஆனால் அவருக்குப் பணம் வந்தது. நான் கையைப் பிடித்ததும் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தார். வெளியே வந்து, ‘ஏன் அவனும் அப்படியே முடிச்சுட்டான்?’ என்றார். அவ்வளவுதான். பிறகு பால் சங்கத்துக் கணக்கைப் பற்றிப் பேசினோம். இப்போது அவருக்கு இரண்டு மாடு, காலை மாலை சேர்த்துப் பதினாலு லிட்டர் ஊற்றுகிறார். அந்தப் பதினாலு லிட்டரை யாரும் படம் எடுக்க வரவில்லை.

பையனிடம் கேட்டேன். ‘அத்தை, இப்படி முடிச்சாதான் ஃபெஸ்டிவல்ல எடுப்பாங்க’ என்றான். அவன் பொய் சொல்லவில்லை, எடுத்திருக்கிறார்கள், நீங்களும் அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். சினிமாக்காரர்களுக்கு விவசாயி என்றால் முதல் காட்சியில் ஏர் பிடிக்க வேண்டும், கடைசிக் காட்சியில் சாக வேண்டும். ஏரே இப்போது யாரிடமும் இல்லை. எங்க வீட்டுக்காரர் தன் வேஷத்தில் நடித்தவர் தொங்குவதைப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்: ‘ஏன்டி, இவன் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைக் கட்டினானா இல்லையா, காட்டவே இல்லையே?’ வட்டியில்லாமல் கட்டக் கெடு மார்ச்சோடு முடிகிறதே என்பது அவர் கவலை.

உங்கள் விமர்சனம் வந்த பிறகு தொந்தரவு கூடிவிட்டது. அதில் ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று போட்டிருக்கிறீர்கள். அன்று மதியமே சிங்கப்பூரிலிருந்து போன். பேசாமல் இருக்கும் பங்காளிகளில் ஒருவர். துக்கம் விசாரிக்கிறார். நான் போனை எங்க வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இவர், ‘அதெல்லாம் இருக்கட்டும்ணே, எப்ப ஊருக்கு வர்றீங்க, பட்டாவுக்குக் கையெழுத்துப் போடணும்’ என்றார். அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. டீக்கடையில், ‘என்னய்யா, எப்ப வந்தே’ என்று கேலி. உரக்கடையில் மட்டும் நிஜமாகவே பயந்துவிட்டார்கள், அங்கே பாக்கி இருக்கிறது. ஆகவே சம்பந்தப்பட்டவர் உயிரோடும் ஓரளவு ஆரோக்கியத்தோடும் இருக்கிறார் என்று ஒரு வரி வெளியிட்டால் நல்லது. வாழ்வுச் சான்று வேண்டுமென்றால் அனுப்புகிறோம். கைரேகைதான் மெஷினில் விழாது. நாற்று முடியும் மண்வெட்டியும் பிடித்துப் பிடித்து அவருக்கு ரேகை தேய்ந்துவிட்டது.

இன்னும் ஒன்று. கடைசிக் காட்சியில் கொட்டகை விட்டத்தில் தொங்குகிற கயிற்றை ‘படத்தின் மௌனமான கதாபாத்திரம்’ என்று உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். அது லட்சுமியின் தும்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் தோப்பில் நூற்றிருபது தென்னையில் நூற்றுப் பதினொன்றைச் சாய்த்துவிட்டுப் போனது. மரத்துக்கு அறுநூறும் வெட்டி அகற்ற ஐந்நூறும் கொடுத்தார்கள். அந்த மரங்களில் கடைசியாகப் பொறுக்கிய தேங்காய்களின் மட்டையை ஊறப்போட்டு, நாரை உரித்து, எங்க வீட்டுக்காரர் கையாலேயே முறுக்கிய கயிறு அது. நைலான் கயிறு மாட்டின் கழுத்தை அறுக்கும் என்று அவர் வாங்க மாட்டார். படத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு போன பையன் இன்றுவரை திருப்பித் தரவில்லை. இப்போது லட்சுமியின் கன்றே கன்று போட்டிருக்கிறது. குட்டியை என் பழைய சேலைக் கிழிசலில் கட்டி வைத்திருக்கிறேன், இரண்டு தடவை அவிழ்த்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போய்விட்டது. பையன் சென்னையில் இருக்கிறான், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. உங்கள் விமர்சகர் கூப்பிட்டால் கட்டாயம் எடுப்பான். அடுத்த பேட்டிக்குப் பேசும்போது, அத்தை கயிற்றைக் கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லவும். பேராவூரணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் போதும், நிறுத்தத்தில் வாங்கிக்கொள்கிறோம்.

பெயர் வெளியிட வேண்டாம். அந்தப் பஸ் பயணத்துக்குப் பிறகு ஊரில் என்னைக் கூப்பிடுகிற பெயரையே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
காதுக்காரம்மா,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.